விறகும் இல்லை, குப்பையும் இல்லை: சிப்போர்ட் பலகையின் கதை



வழமையாக இந்தப் பக்கத்தில் ஊர் வரலாறுதான் எழுதுவேன். இன்று ஒரு பலகையின் வரலாறு. பதிவு கொஞ்சம் நீளம். ஆனாலும் கடைசிவரை வாசியுங்கள். உங்கள் வீட்டுக் குசினிக்குள் வருகிற ஒரு விசயம் இதில் இருக்கிறது.

போன தவணை முடிவில் பாடசாலைக் களஞ்சிய அறையைத் துப்புரவு செய்தோம். இரண்டு பழைய அல்மாரி, ஒரு கணினி மேசை, கதவு கழன்ற ஒரு புத்தக ராக்கை. எல்லாமே சிப்போர்ட். மழைக்காலத்தில் அறைக்குள் தண்ணீர் நின்றதால் கால் பகுதி தேநீரில் நனைத்த ரஸ்க் போல ஊதி உதிர்ந்திருந்தது. மேலே முக்கால்வாசிப் பலகை நல்லாத்தான் இருந்தது. வெளியே அடுக்கி வைத்திருந்தபோது ஒரு பிள்ளையின் உம்மா வந்தார். "சேர், இத வீசத்தானே போறீங்க? எங்களுக்குத் தாங்களேன், அடுப்புக்கு ஆகும்" என்றார்.

தர முடியாது என்று சொன்னேன். அவருடைய முகம் வாடிப்போனது. ஒரு கட்டு விறகுக்குக் கூட இந்த வாத்தியாருக்கு மனசு வரவில்லையே என்று நினைத்திருப்பார். ஏன் தரவில்லை என்பதை வாசலில் நின்று இரண்டு வரியில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், வீட்டுச் சாமான்களின் பெயர்களையே பாருங்கள். கதிரை, மேசை, அல்மாரி, வாங்கு, யன்னல், குசினி. இவை எல்லாம் போர்த்துக்கேயர் விட்டுப்போன சொற்கள். மேசையில் இழுக்கும் லாச்சி ஒல்லாந்துச் சொல். தச்சரை நாம் 'பாஸ்' என்று கூப்பிடுவதும் அப்படித்தான். ஒல்லாந்து மொழியில் 'பாஸ்' என்றால் வேலைத் தலைவர். முந்தல் களப்பைப் புத்தளம் களப்போடு இணைக்கும் கால்வாயை இன்றும் ஒல்லாந்தர் கால்வாய் என்றுதானே சொல்கிறோம். கால்வாயோடு வந்தவர்களின் சொல் நம்முடைய தச்சுப் பட்டறைக்குள்ளும் தங்கிவிட்டது.

அந்தக் காலத்து அல்மாரி முழு மரம். முதிரை, தேக்கு, பலா, வேம்பு. வாப்பாவின் வாப்பா செய்வித்த அல்மாரி பேரப்பிள்ளையின் கலியாணத்துக்கும் நின்றது. கால் ஒடிந்தால் பாஸ் வந்து வேறு கால் போடுவார். அல்மாரியே பழுதானால் அதன் பலகையில் ஒரு பெட்டி வரும், பெட்டி பழுதானால் ஒரு பலகைக்கட்டை வரும், கடைசியில்தான் அடுப்பு. மரச்சாமானுக்கு அப்படி ஓர் ஒழுங்கு இருந்தது. சிப்போர்ட் அந்த ஒழுங்குக்குள் வராத சாமான். ஏன் என்று புரிய அது பிறந்த இடத்துக்குப் போக வேண்டும்.

ஜேர்மனியில் மக்ஸ் ஹிம்மெல்ஹேபர் என்று ஒருவர் இருந்தார். 1904இல் பிறந்தவர். ஒரு மரத்தை வெட்டினால் அதில் பாதிக்கும் குறைவுதான் தளபாடமாகிறது, மிச்சமெல்லாம் கிளை, சீவல், தூள், துண்டு என்று எரிந்து போகிறது என்பது அவருடைய கவலை. அந்த மிச்சத்தைச் சிறு செதில்களாக்கி, பசை கலந்து, சூட்டோடு அழுத்திப் பலகையாக்கும் முறைக்கு 1930களின் தொடக்கத்தில் காப்புரிமை கேட்டார். முதல் தொழிற்சாலை உற்பத்தி 1941இல் பிரேமன் நகரில் தொடங்கியது. உலகப் போர் நடந்த காலம். நல்ல மரம் கிடைக்காத நேரத்தில் கழிவிலிருந்து பலகை வந்தது. போருக்குப் பிறகு சுவிற்சர்லாந்தின் ஃபிரெட் ஃபார்னி போன்றவர்கள் அதை மேம்படுத்தினார்கள். மேலும் கீழும் மெல்லிய தூள், நடுவில் பருத்த செதில் என்று மூன்று அடுக்காகச் செய்தார்கள். உங்கள் வீட்டில் உடைந்த சிப்போர்ட் துண்டு இருந்தால் ஓரத்தைப் பாருங்கள், அந்த மூன்று அடுக்கும் கண்ணுக்குத் தெரியும்.

ஹிம்மெல்ஹேபர் பிற்காலத்தில் இயற்கையைப் பற்றியும் தொழில் நாகரிகத்தின் எல்லையைப் பற்றியும் சிந்திக்கும் ஒரு சஞ்சிகையை 1971இல் நண்பரோடு சேர்ந்து தொடங்கினார். ஆக, இந்தப் பலகை உருவானதே 'வீசாதே' என்ற எண்ணத்தில்தான். இன்று வீதியோரத்தில் முதலில் வீசப்படும் பலகையும் இதுதான்.

இப்போது அதே போர்க்காலத்தில் நம்முடைய நாட்டுக்கு வருவோம்.

அந்நாளில் இலங்கைத் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டியில்தான் கப்பலேறும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே எஸ்தோனியா போன்ற தூர நாடுகளில் செய்த பலகை தேயிலைப் பெட்டிக்காக உலகமெல்லாம் போனது. போர் வந்து கப்பல் பாதை மூடியதும் பெட்டிக்கு எங்கே போவது? அரசாங்கம் காலிக்குப் பக்கத்தில் கிந்தோட்டையில் ஒட்டுப்பலகை ஆலை ஒன்றைத் தொடங்கியது. ஆம், 2017 நவம்பர் கலவரச் செய்திகளில் நாம் கேள்விப்பட்ட அதே கிந்தோட்டை. பின்னாளில் அந்த ஆலை அரச ஒட்டுப்பலகைக் கூட்டுத்தாபனத்தின் கீழ் வந்தது.

இன்னொரு போர்க்கால ஆலை நமக்கு இன்னும் கிட்ட, மாதம்பையில் வந்தது. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. மலாயா இறப்பரும் போய்விட்டது. நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் என்றால் முக்கியமாக இலங்கைதான் என்ற நிலை. இறப்பர் பாலை உறைய வைக்க அசற்றிக் அமிலம் வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து எடுக்க வழியில்லை. மாதம்பை ஆலையில் தேங்காய்ச் சிரட்டையைக் காற்றுப் படாமல் சூடாக்கி, வரும் ஆவியிலிருந்து அந்த அமிலத்தை எடுத்தார்கள். நம்முடைய தென்னந்தோட்டத்தில் மிஞ்சிய சிரட்டை உலகப் போரின் வாகனச் சக்கரங்களுக்குள் போயிருக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

இந்தக் கரைக்கு இது பழக்கமான வேலைதான். தேங்காயில் நாம் வீசுவது என்ன? மட்டை தும்பாகிறது, ஓலை கிடுகாகிறது, சிரட்டை கரியாகிறது. தும்பு எடுத்த பிறகு மிஞ்சும் தும்புச்சோறு ஒரு காலத்தில் ஆலைகளின் பின்னால் மலை மலையாகக் கிடந்து மழையில் கறுத்த தண்ணீர் விட்டது. யாருக்கும் வேண்டாத குப்பை. இன்று அதைக் காயவைத்து, கட்டியாக அழுத்தி, வெளிநாட்டுப் பயிர்க்கூடங்களுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். கழிவைக் காசாக்கும் கலையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேயிலைப் பெட்டியையும் நம் ஆட்கள் வீசியதில்லை. என் உம்மும்மா வீட்டில் ஏனம் வைக்கிற ராக்கை அந்தப் பலகைதான். ஓரத்தில் தகரம் அடித்த அடையாளமும் மங்கிய எழுத்தும் கடைசிவரை இருந்தன.

அப்படியென்றால் சிப்போர்ட்டில் மட்டும் ஏன் நம்முடைய கைவரிசை பலிக்கவில்லை? இரண்டு காரணம்.

ஒன்று, அது எங்கள் வீடுகளுக்கு வந்த விதம். 1970 முதல் 77 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. 1977இல் பொருளாதாரம் திறந்ததும் தளபாடக் கடையின் முகமே மாறத் தொடங்கியது. 1990இல் இயற்கைக் காடுகளில் வர்த்தகத்துக்காக மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. காட்டுக்கு அது நல்லது. ஆனால் முதிரையும் பாலையும் சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போயின.

அந்த 1990 நமக்கு இன்னொரு காரணத்துக்காகவும் மறக்க முடியாத ஆண்டு. ஒக்டோபர் மாதம் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணித்தியாலம்தான் அவகாசம். மன்னார்ப் பக்கத்திலிருந்து வள்ளத்தில் கற்பிட்டியில் வந்து இறங்கியவர்களும் இருக்கிறார்கள். கையில் உடுப்புப் பை, சொற்பக் காசு. அல்மாரியைத் தூக்கிக்கொண்டு வள்ளம் ஏற முடியுமா? மூன்று தலைமுறை முதிரை அல்மாரிகளை அங்கேயே விட்டுவிட்டு, இங்கே கிடுகுக் கொட்டிலில் உடுப்பைக் கொடியில் போட்டுத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். 2007இல் உலக வங்கி உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. கல்வீடு எழும்பியது. வீடு வந்ததும் முதலில் வாங்கிய சாமான் என்ன என்று என் மாணவர்களின் பெற்றோரிடம் கேட்டிருக்கிறேன். அதிகம் பேர் சொன்ன பதில் ஒன்றுதான்: தவணைக்கு எடுத்த மெலமைன் அல்மாரி.

அதனால் இந்தப் பலகையை மட்டமாகப் பேச எனக்கு மனம் வராது. எல்லாவற்றையும் இழந்தவர்கள் திரும்ப ஒரு கதவுக்குப் பின்னால் உடுப்பை மடித்து வைக்க முடிந்தது இதனால்தான்.

இரண்டாவது காரணம் பசை. இங்கேதான் சிரட்டைக்கும் சிப்போர்ட்டுக்கும் வித்தியாசம். சிரட்டையை எரித்தால் சிரட்டைதான் எரியும். சிப்போர்ட்டை எரித்தால் மரத்தோடு பசையும் எரியும். பெரும்பாலான சிப்போர்ட்டில் இருப்பது யூரியா ஃபோமல்டிஹைட் பசை. மலிவானது, நிறமில்லாதது, ஆனால் தண்ணீருக்குத் தாங்காது. அதனால்தான் கால் ஊதுகிறது. அதை அடுப்பில் போட்டால் ஃபோமல்டிஹைட் வாயு வரும், நைதரசன் ஒட்சைட்டுகள் வரும், ஐதரசன் சயனைட்டும் வரக்கூடும். ஓரத்தில் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டி பீ.வி.சி. என்றால் அதன் புகை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் ஃபோமல்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்தது.

எரிக்காவிட்டாலும் புதுப் பலகை கொஞ்சம் கொஞ்சமாக அந்த வாயுவை விடும். இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 2005இல் கத்ரினா சூறாவளி நியூ ஓர்லியன்ஸைத் தாக்கியது. வீடிழந்தவர்களுக்கு அரசாங்கம் வண்டி வீடுகளைக் கொடுத்தது. உள்ளே சுவர், அலுமாரித் தட்டு எல்லாம் மலிவான பசைப் பலகை. கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று ஆட்கள் முறையிட்டார்கள். 2008இல் அரச பரிசோதனையில் ஃபோமல்டிஹைட் அளவு அதிகம் என்று வெளியானது. 2010இல் இவ்வகைப் பலகைகளுக்கு அங்கே தனிச் சட்டமே வந்தது. அங்கேயும் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் இடம்பெயர்ந்தவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதத்தில் 360க்குப் போனது. காஸ் இல்லை. சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசையில் நின்ற காலம். அந்த நாட்களில் நம்முடைய ஊரில் எத்தனை குசினியில் உடைந்த அல்மாரி எரிந்தது? யாரையும் குறை சொல்லவில்லை. பசித்த பிள்ளைக்குச் சோறு ஆக்க வேண்டும், வேறு வழி இருக்கவில்லை. ஆனால் காஸ் திரும்ப வந்த பிறகும் அந்தப் பழக்கம் சில வீடுகளில் நிற்கவில்லை. ஊதுகுழலோடு அடுப்பின் முன் குந்தியிருப்பது யார்? உம்மா. பக்கத்தில் தவழ்வது யார்? சின்னப் பிள்ளை. நான் அன்று மறுத்ததற்கு அதுதான் காரணம்.

சரி, எரிக்கவும் கூடாது, வளவில் புதைத்தால் தென்னைக்கும் ஆகாது. பின்னே என்ன செய்வது? இத்தாலியில் வியாதானா என்ற இடத்தில் பழைய மரச்சாமானையும் பலகையையும் சேகரித்து, அரைத்து, மறுபடி சிப்போர்ட்டாகவே செய்கிற பெரிய ஆலைகள் உண்டு. வென்னப்புவப் பக்கத்து ஆட்கள் வேலைக்குப் போகிற அதே இத்தாலிதான். நம்முடைய பகுதியில் அப்படிச் சேகரிப்பவர் யாரும் இல்லை. அப்படியென்றால் நமக்கு இருக்கிற ஒரே வழி, பலகையைப் பலகையாகவே இன்னொரு தடவை பாவிப்பது.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் எங்கள் பக்கத்து பாஸ் நானா. நாற்பது வருசம் உளி பிடித்த கை. களஞ்சிய அறைப் பலகையைக் காட்டி, "நானா, இதுல ஏதும் ஆகுமா?" என்று கேட்டேன். விரலால் தட்டிப் பார்த்தார். "சேர், இத மரம் எண்டு நெனச்சி வேல செஞ்சா ஏமாத்தும். பிஸ்கட் எண்டு நெனச்சி வேல செய்யுங்க, ஒழைக்கும்" என்றார். அந்தச் சனிக்கிழமை அவரும் நானும் மேல் வகுப்புப் பிள்ளைகள் சிலருமாக உட்கார்ந்தோம். அவரிடம் படித்ததை வரிசையாக எழுதுகிறேன்.

ஊதிய பகுதியைக் காப்பாற்ற முயல வேண்டாம். ஊதல் முடிகிற இடத்திலிருந்து இன்னும் மூன்று விரல் மேலே கோடு போட்டு வெட்டிவிடுங்கள். தட்டினால் கணீரென்று இருக்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம் போயிருக்கிறது.

வெட்டும் இடத்தில் மெலமைன் சிதறும். முதலில் கூர்க்கத்தியால் ஆழமாக ஒரு கோடு கீறி, மேலே ஒட்டும் நாடா ஒட்டி, பல் நெருக்கமான வாளால் அறுக்க வேண்டும். வெளியே, காற்று வாக்கில் நின்று, மூக்கை மூடிக்கொண்டு செய்யுங்கள். அந்தத் தூள் கோழிக்கூட்டுக்கும் வேண்டாம், பூச்சாடிக்கும் வேண்டாம்.

ஓரத்தில் ஆணி அடிக்கக் கூடாது, பிளந்துவிடும். பழைய திருகாணி ஓட்டைக்குள் மறுபடி திருகாணி பிடிக்காது. அந்த ஓட்டையைப் பெரிதாக்கி, பசை பூசிய மரக்குச்சியை இறுக்கி, காய்ந்த பிறகு அதில் புது ஓட்டை போட வேண்டும். இதைவிட நல்லது, மூலைக்கு ஒரு மர ரீப்பையை வைத்து, பலகையின் முகத்திலிருந்து அதற்குள் திருகாணி இறக்குவது. பாரம் ரீப்பையில் நிற்கும், பலகை மூடியாக மட்டும் இருக்கும்.

வெட்டிய ஓரமெல்லாம் திறந்த காயம் மாதிரி. வெள்ளைப் பசையைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு இரண்டு தடவை பூசி, காய்ந்ததும் எண்ணெய்ப் பெயின்ற் அடித்தால் ஈரமும் உள்ளே போகாது, வாயு வெளிவருவதும் குறையும். நம்முடைய உப்புக் காற்றுக்கு இது கட்டாயம்.

எதற்குப் பாவிக்கலாம்? பட்டறைக்குத்தான் இது மிகப் பொருத்தம். பலகை நேராக இருக்கும், முறுக்காது, எல்லா இடமும் ஒரே தடிப்பு. துளை போடும்போது கீழே வைக்கிற அடிப்பலகை, ஒரே அளவில் பல துண்டு வெட்ட உதவும் அச்சுப் பலகை, பசை போட்டு இறுக்கும்போது வைக்கிற அழுத்துப் பலகை, வாளும் உளியும் தொங்கவிடும் சுவர்ப்பலகை, ஆணி வகை பிரித்து வைக்கிற தட்டு. பொலித்தீன் சுற்றினால் சிறு சீமெந்துக் கல்லுக்கு அச்சாகவும் இரண்டு மூன்று தடவை உதவும். புத்தகத் தட்டு என்றால் தாங்கிக்குத் தாங்கி இரண்டு அடிக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், நடுவில் தொய்ந்துவிடும்.

எதற்குக் கூடாது? வெளியில் மழை படுகிற எதற்கும் கூடாது. கிணற்றடி, கழிப்பறை, கோழிக்கூடு, காய்கறி வெட்டும் பலகை, ஓரம் பூசாமல் பிள்ளையின் கட்டில் தலைமாடு, இவற்றுக்கும் கூடாது. ஆள் ஏறி நிற்கிற எதற்கும் கூடவே கூடாது.

அன்று எங்களுக்குக் கிடைத்தது: செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் பாடத்துக்கு ஆயுதம் மாட்டும் பலகை இரண்டு, ஆரம்பப் பிரிவுக்குப் பின்னம் படிப்பிக்கிற வட்டத் துண்டுகள் ஒரு பெட்டி, டாம் விளையாடும் பலகை மூன்று, அறிவித்தல் பலகை ஒன்று. மிஞ்சிய உதிரியைச் சாக்கில் கட்டி உள்ளூராட்சிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தோம். எல்லாவற்றையும் காப்பாற்றினோம் என்று சொல்ல மாட்டேன். முக்கால்வாசி தேறியது.

இதுவும் புதிய யோசனை இல்லை. 1972 கல்விச் சீர்திருத்தத்தில் தொழில்சார் முன்னிலைப் பாடம் என்று ஒன்று வந்தது. பாடசாலையைச் சுற்றியிருக்கிற ஊரின் தொழிலையே பாடமாக எடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அரசாங்கம் மாற அந்தத் திட்டம் போய்விட்டது. ஆனால் உளி பிடித்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். பாஸ்மாரின் பிள்ளைகள் அந்த வேலைக்கு வருவதில்லை. அவர்களுடைய கையில் இருப்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுக்க அதிக காலம் இல்லை.

வீண்விரயம் கூடாது என்று ஜும்ஆவில் அடிக்கடி கேட்கிறோம். வுழூவுக்குத் திறக்கும் தண்ணீரையும் வலீமாவில் மிஞ்சும் சோற்றையும் வைத்துத்தான் அதைப் பேசுவோம். அடுத்தவருடைய மூச்சுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதும் அதே மார்க்கம்தான். எரித்துவிட்டால் வீணாகவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பலகையைப் பொறுத்தவரை எரிப்பதுதான் பெரிய விரயம்.

அந்த உம்மாவை நான் மறுபடி கண்டேன். விசயத்தைச் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருக்கலாமே சேர், ஊட்டுல இன்னும் ரெண்டு கதவு கெடக்கு" என்றார். அடுத்த நாள் மகனிடம் கொடுத்து அனுப்பினார். அவருக்கு வேறு இடத்திலிருந்து தென்னை மட்டை ஒரு கட்டுக் கொடுத்தோம்.

உங்கள் வீட்டிலும் கழன்ற கதவு, உடைந்த லாச்சி, ஊதிய அல்மாரி கிடந்தால் அடுப்படிக்குக் கொண்டு போகாதீர்கள். சனிக்கிழமை காலையில் பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள். ஈரம் படாமல் கொண்டு வந்தால் போதும். பாஸ் நானா அஸர் வரைக்கும் இருப்பார். வாளும் பசையும் நாங்கள் தருவோம். பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.

வாசித்தவர்கள் உங்கள் வீட்டுப் பழைய அல்மாரியின் கதையைக் கீழே எழுதுங்கள். எந்த மரம், யார் செய்தது, எங்கே விட்டுவிட்டு வந்தது. 1990க்கு முந்தியது என்றால் கட்டாயம் எழுதுங்கள். அதையும் சேர்த்து வைக்க வேண்டும்.

வஸ்ஸலாம்.